வாசலில் கால் மணி நேரம்

தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் எனச் சென்னையின் தெற்குப் புறநகர்களில் தனி வீடுகள் இன்னும் எஞ்சியிருக்கும் தெருக்களில், பொழுது புலருமுன் நாள்தோறும் நடந்துவரும் ஒரு கலைப்பயிற்சிக்கு ஆசிரியரோ கட்டணமோ அரங்கோ இல்லாததால், அதை எவரும் கலை ஈடுபாடுகளின் வரிசையில் வைத்து எண்ணுவதில்லை. வாசல் தெளித்துக் கோலம் போடுவதே அது. ஆசையாக வாங்கிய வீணை உறை கழற்றப்படாமல் மூலையில் சாய்ந்திருக்கும் வீட்டிலும், வண்ணக்குழாய்கள் மூடி திறக்கப்படாமலே இறுகிப்போன வீட்டிலும், கேட்டால் நேரமே இல்லை என்ற ஒரே விடை வரும் வீட்டிலும், வாசற்கோலத்துக்கு மட்டும் நேரம் இருந்துகொண்டே இருக்கிறது. இதன் காரணத்தை ஆராய்ந்தால், அன்றாட வாழ்வில் ஒரு கலைக்கு நேரம் எவ்வாறு அமைகிறது என்ற கேள்விக்கு, கால மேலாண்மை பற்றிய நூல்கள் தருவதைவிடத் தெளிவான விடை கிடைக்கக்கூடும்.

சிக்கலின் ஒரு பகுதி சொல்லிலேயே இருக்கிறது. பொழுதுபோக்கு என்ற சொல், போக்கித் தீர்க்க வேண்டிய அளவுக்குக் கையில் பொழுது மிஞ்சிக் கிடப்பதாகக் கருதிக்கொள்கிறது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து, இந்தப் பகுதியின் வளர்ச்சி முழுவதும் வேலை ஓரிடத்திலும் வீடு வேறோரிடத்திலுமாக வாழும் மக்களைக் கொண்டே நிகழ்ந்திருக்கிறது. ஏறத்தாழ 30 கி.மீ. நீளமுள்ள அந்தப் பாதையில் ஒருமுறை போய்வந்தாலே நாளில் இரண்டு மணி நேரம் கரைந்துவிடும். சானடோரியத்தில் மெப்ஸ் என்று வழங்கப்படும் ஏற்றுமதி மண்டலத்தில் ஷிப்ட் முறையில் வேலை செய்வோருக்கும், பள்ளிக்கரணை வழியாகவோ மேடவாக்கம் வழியாகவோ பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் அலுவலகங்களுக்குச் செல்வோருக்கும் ரயிலின் ஒழுங்குகூட வாய்ப்பதில்லை. 2021-இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, நாளின் பெரும்பகுதியை வேறெங்கோ கழித்துவிட்டு இரவில் உறங்க வரும் மக்களைப் பெருமளவில் கொண்ட ஒரு மாநகராட்சியே உருவாயிற்று என்று சொன்னால் அது மிகையாகாது. இத்தகைய ஊரில், மிஞ்சிய பொழுதுக்குக் காத்திருக்கும் எந்தக் கலையும் காத்துக்கொண்டேதான் இருக்கும்.

கோலம் மிச்சத்துக்குக் காத்திருப்பதில்லை. அதன் நேரம் வேறு இரு செயல்களுக்கு நடுவே பொருத்தப்பட்டிருக்கிறது: வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்ததும் கோலம், கோலம் முடிந்ததும் பால் காய்ச்சுதல். கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்குவதும், இன்று போடலாமா வேண்டாமா என்று மனத்துக்குள் வழக்காடுவதும் அங்கே இல்லை. ஈர வாசலே அடுத்த செயலை நினைவூட்டிவிடுகிறது. இன்ன செயல் முடிந்ததும் இதைச் செய்வேன் என்று ஒன்றோடு ஒன்றை முடிச்சிட்டுக்கொள்ளும் திட்டத்தை உளவியலில் செயலாக்க எண்ணம் என்ற பொருள்பட அழைப்பார்கள். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் இக்கருத்தை விரிவாக ஆராய்ந்து, வெறுமனே செய்ய வேண்டும் என்று நினைப்பவர்களைவிட எப்போது, எங்கே என்பதையும் சேர்த்து முடிவு செய்தவர்கள் அதைச் செய்து முடிப்பது கூடுதல் என்று காட்டினார். வாசல் தெளித்த கையோடு கோலமாவுக் கிண்ணத்தை எடுக்கும் பெண்களுக்கு இந்த ஆய்வு புதிதாக எதையும் சொல்லிவிடாது.

அதனினும் முக்கியமானது கோலத்தின் அளவு. சிக்குக்கோலம், பூக்கோலம் ஆகியவற்றில் பலவற்றுக்கு அடிப்படையாக அமையும் ஊடுபுள்ளி முறையில், நடுவரிசையில் சில புள்ளிகளை வைத்து, அதற்கு மேலும் கீழும் உள்ள வரிசைகளில் முந்தைய வரிசையின் இடைவெளிகளுக்கு நேராக ஒவ்வொரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டே போய்க் குறித்த எண்ணில் நிறுத்துவார்கள். கோல நோட்டுகளில் இது 7 புள்ளி, ஊடுபுள்ளி, 4 வரை என்பதுபோல் எழுதப்பட்டிருக்கும். அந்தக் குறிப்பின்படி 37 புள்ளிகள் விழும். மார்கழியில் தெருவை அடைத்துப் போடும் 15 புள்ளி, 8 வரை என்ற கோலத்துக்கு 169 புள்ளிகள் வேண்டும். அலுவலக வண்டி வாசலில் வந்து நிற்கும் நாளில் 3 புள்ளி, 2 வரை என்று 7 புள்ளிகளோடு முடித்துக்கொள்ளலாம். மூன்றும் அறுகோண வடிவமே, மூன்றிலும் விதி ஒன்றே, கைப்பழக்கமும் ஒன்றே. இரண்டு நிமிடம் மட்டுமே கிடைத்த நாளிலும் கோலம் போட்டவர் கோலத்தை விட்டுவிட்டவர் ஆவதில்லை. புதிதாக ஒரு கலையைத் தொடங்குவோரில் பெரும்பாலோர் அதன் 169 புள்ளி வடிவத்தை மட்டுமே மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள்: வாரம் மூன்று வகுப்பு, நாளுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி, தனி அறை, நல்ல கருவி. 7 புள்ளி வடிவம் ஒன்று தம் கலைக்கு உண்டா என்பதை அவர்கள் தேடிப்பார்ப்பதில்லை.

கோலத்தின் இந்தத் தன்மை, அதாவது சிறிய வடிவமும் பெரிய வடிவமும் ஒரே விதியிலிருந்து பிறக்கும் தன்மை, கணித நோக்கில் ஆராயப்பட்டதும் இதே தாம்பரத்தில்தான். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் துறைத் தலைவராக விளங்கிய கிஃப்ட் சிரோமணி (1932–1988), அவர் மனைவியும் கணிதவியலாளருமான ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகிய மூவரும் 1970-களில் கோலங்களை வரிசை இலக்கணம் என்ற கருத்தைக் கொண்டு விளக்கினார்கள். ஒரு குறியீட்டுக்குப் பதிலாக வேறு குறியீடுகளை வைக்கும் விதிகளின் தொகுப்பையே கணினி அறிவியலில் இலக்கணம் என்பர்; வாக்கியம் என்ற குறியீட்டின் இடத்தில் எழுவாயையும் பயனிலையையும் வைத்து, பிறகு எழுவாயின் இடத்தில் ஒரு பெயரை வைப்பதை எளிய எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சொற்கள் ஒரே வரியில் அமைய, கோலமோ நிரையும் நிரலுமாகப் பரவுவதால், குறியீடுகளைக் கட்டங்களில் அடுக்கி மாற்றும் விதிகளை அவர்கள் வகுத்தார்கள். இவ்விதிகளை மீண்டும் மீண்டும் செலுத்தினால் ஒரு சிறு கோலம் தன் குடும்பத்துப் பெரிய கோலமாக வளரும். இப்பொருள் பற்றிய அவர்களின் கட்டுரை 1974-இல் கணினி வரைகலைக்கான பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. பிற்காலத்தில் அமெரிக்கக் கணிதவியலாளர் மார்சியா ஆஷர், பல பண்பாடுகளில் வழங்கும் கணிதச் சிந்தனைகளைத் தொகுத்தபோது கோலத்துக்கும் அதில் இடம் தந்தார். சிக்குக்கோலம் என்றும் சொல்லப்படும் கம்பிக்கோலம் போடும் பெண்கள் அதை ஒரு படமாக நினைவில் வைக்கிறார்களா, கையின் அசைவுகளின் தொடராக வைக்கிறார்களா என்ற கேள்வியையும் கிஃப்ட் சிரோமணி எழுப்பி, அசைவுகளின் தொடராகக் கோலத்தை விவரிக்கும் முறையை உருவாக்கினார். ஒரு பாடலை அடி அடியாக அல்லாமல் நடுவிலிருந்து சொல்லச் சொன்னால் தடுமாறுவோர் உண்டல்லவா, கோலத்தை அசைவுகளின் தொடராக நினைவில் வைப்பதும் ஏறத்தாழ அதுபோன்றதே.

அந்தக் கல்லூரியின் கதை வேறொரு வகையிலும் இப்பொருளுக்குப் பொருத்தமானது. 1837-இல் தொடங்கப்பட்டுச் சென்னை நகருக்குள் இயங்கிவந்த அது, 1937-இல் தாம்பரத்தின் புதர்க்காட்டுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே வேதியியல் கற்பித்த எட்வர்ட் பார்ன்ஸ் வகுப்பு நேரம் போகத் தாவரங்களைச் சேகரித்து ஆராய்ந்தார். தென்னிந்திய மலைகளில் வளரும் அரிசீமா என்ற பேரினத்துச் செடி ஒன்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. ஒரு தலைமுறைக்குப் பின், தத்துவம் கற்பித்த மைக்கேல் லாக்வுட், புள்ளியியல் கற்பித்த கிஃப்ட் சிரோமணி, தாவரவியல் கற்பித்த தயானந்தன் ஆகிய மூவர் சேர்ந்து மாமல்லபுரச் சிற்பங்களைப் பற்றி ஆராய்ந்து 1974-இல் நூலாக வெளியிட்டார்கள். மூவரில் ஒருவர்கூட வரலாற்றுத் துறையையோ கலைத் துறையையோ சேர்ந்தவரல்லர். கோலம், கல்வெட்டு எழுத்து, சிற்பங்களின் ஆடை அணிகலன், வளாகத்துப் பறவையும் செடியும் என்று பல திசைகளில் சென்ற இவர்களின் ஈடுபாடுகளை அடுக்கிப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை அன்றாடம் நடக்கும் வழியிலோ சற்றுத் தொலைவிலோ இருந்த பொருள்களைப் பற்றியவை என்பது விளங்கும். கல்லூரி ஆசிரியருக்கு வளாகத்திலேயே வீடு, அதனால் பயணமே இல்லை என்ற வசதியையும் மறந்துவிடக் கூடாது. அந்த இரண்டு மணி நேரத்தின் விலை இன்றைய பெருங்களத்தூர்வாசிக்குத்தான் தெரியும்.

நேரம் என்பது வீட்டுக்குள் எல்லார்க்கும் ஒரே அளவில் பங்கிடப்படுவதும் இல்லை. இந்தியாவில் மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எவ்வாறு செலவிடுகிறார்கள் என்பதைத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு தழுவிய அளவில் கணக்கெடுத்தபோது, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். 2024-இல் நடந்த அடுத்த கணக்கெடுப்பில் பெண்களின் நேரம் 289 நிமிடங்களாக மட்டுமே குறைந்திருந்தது. அதே 2024 கணக்கெடுப்பு, பண்பாடு, ஓய்வு, ஊடகம், விளையாட்டு ஆகியவற்றுக்கு ஆறும் அதற்கு மேலும் வயதுடையோர் நாளொன்றுக்கு 171 நிமிடங்கள் செலவிடுவதாகச் சொல்கிறது. இந்த எண்ணைக் கண்டு, மூன்று மணி நேரம் சும்மா கிடக்கிறதே என்று வியப்பவர்கள், தொலைக்காட்சி பார்ப்பதும் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருப்பதும் வயலின் வாசிப்பதும் ஒரே தலைப்பின்கீழ் அடங்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும். கோலம் போடும் கால் மணி நேரத்தை எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று கேட்டால் கணக்கெடுப்பவரே தயங்கக்கூடும்: அது வீட்டு வேலையா, வழிபாடா, கலையா?

இந்தத் தயக்கத்துக்குள் ஓர் உண்மை மறைந்திருக்கிறது. கோலத்துக்கு நேரம் கிடைத்ததற்கு முதன்மையான காரணம், அது கலை என்று கருதப்படாமல் கடமை என்று கருதப்பட்டதே. பாட்டுக் கற்கவோ கதை எழுதவோ ஒரு பெண் கால் மணி நேரம் கேட்டிருந்தால் எழுந்திருக்கக்கூடிய முணுமுணுப்பு, கோலத்துக்கு எழவில்லை. வீட்டு வேலையின் பெயரைப் போர்த்திக்கொண்டுதான் அந்தக் கலை இத்தனை காலம் உயிர் வாழ்ந்திருக்கிறது. ஆகவே கோலத்தை முன்மாதிரியாகக் காட்டும்போது, அதைப் போட்டவர்களுக்கு வேறு எதற்கும் நேரம் தரப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குடும்பத்தில் ஒருவர் படம் வரைய உட்காரும் நேரத்தில் அடுப்பில் இருக்கும் குழம்பை யார் பார்த்துக்கொள்வது என்ற ஏற்பாடு செய்யப்படாதவரை, விடியற்காலையில் எழுங்கள் என்ற அறிவுரை ஏற்கனவே எழுந்துகொண்டிருப்பவர்களின் தூக்கத்தையே மேலும் குறைக்கும்.

எந்தக் கலை எந்த வகை நேரத்தில் பொருந்தும் என்பதும் பலர் எண்ணிப்பாராத செய்தி. குரோஷா பின்னலை எந்தக் கண்ணியிலும் நிறுத்தலாம். அழைப்பு மணி அடித்தால் வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து அதே கண்ணியிலிருந்து தொடரலாம். தஞ்சாவூர் ஓவியம் இடைவெளியைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும் கலை: பலகையில் துணி ஒட்டியபின் அது உலர வேண்டும், சுண்ணப்பொடியும் பசையும் கலந்த மக்கு வைத்தபின் அதுவும் உலர வேண்டும், அதன்பிறகே தங்கத்தாளும் வண்ணமும். ஒரு படம் முடிய வாரங்கள் ஆனாலும் ஒவ்வோர் அமர்வும் அரைமணியில் அடங்கும். பணி ஓய்வு பெற்றவர்களும் இல்லத்தரசிகளும் நிரம்பிய புறநகர்த் தெருக்களில் இந்த ஓவிய வகுப்பு நிலைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எழுத்து அப்படிப்பட்டதன்று. முதல் இருபது நிமிடம் பேனா சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். சொல் வரத் தொடங்கும் நேரத்தில் எழ நேர்ந்தால் அன்றைய நாள் போயிற்று. பாட்டுக்கோ வேறொரு தடை: சுவர் ஒட்டிய அடுக்குமாடி வீட்டில் இரவு பத்து மணிக்குச் சாதகம் செய்ய இயலாது. துண்டு துண்டான நேரம் மட்டுமே கையில் இருப்பவர் எழுத்தைத் தேர்ந்துகொண்டு, அது கைகூடாதபோது தம் மன உறுதியைக் குறைகூறிக்கொள்வது வீண் வருத்தம். தம் நாளின் வடிவத்துக்கு ஏற்ற கலையையோ, தாம் தேர்ந்த கலையின் துண்டாகத்தக்க பகுதியையோ அவர் தேடுவது நல்லது. ரயிலில் நின்றுகொண்டே எழுத முடியாது என்றாலும், நேற்று எழுதியதைப் படித்துத் திருத்த முடியும். கூட்டத்தில் வயலினைத் திறக்க முடியாது என்றாலும், ஒரு வர்ணத்தின் சுரங்களை உதட்டுக்குள் ஓட்டிப் பார்க்க முடியும்.

ஒரு பழக்கம் எத்தனை நாளில் ஊன்றும் என்ற கேள்விக்கு 21 நாள் என்ற விடை ஊரெங்கும் உலவுகிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாற நடுவளவாக 66 நாள்கள் ஆயின. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அந்த அளவு 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிந்து கிடந்தது. இடையே ஒரு நாள் தவறியதால் பழக்கம் ஊன்றுவதில் குறிப்பிடத்தக்க பின்னடைவு ஏற்படவில்லை என்பது அதன் மற்றொரு முடிவு. கோல மரபு இதை வேறு மொழியில் அறிந்துவைத்திருக்கிறது. துக்கம் நேர்ந்த வீட்டில் கோலம் நின்றுபோகும். உரிய நாள்கள் கழிந்ததும் தொடங்கும். விட்டுப்போன நாள்களுக்கு ஈடாக யாரும் இரண்டு கோலம் போடுவதில்லை. பாதியில் நின்ற இசைப்பயிற்சிக்குத் திரும்பக் கூசுவோர், விட்ட நாள்களையெல்லாம் சேர்த்துக் கணக்குத் தீர்க்க முயன்றே மறுபடியும் விட்டுவிடுகிறார்கள்.

இடம் மாறும்போது நேரமும் ஆட்டங்காணும் என்பதற்கும் கோலமே சான்று. தனி வீட்டை இடித்து நான்கு குடித்தனங்களாகவோ நாற்பது குடித்தனங்களாகவோ கட்டியபின், தெருவாசல் எல்லாருக்கும் பொதுவாகி எவருக்கும் உரியதாக இல்லாமல் போகிறது. வீட்டுக்கதவுக்கு முன் எஞ்சுவது ஒரு சாணுக்குச் சற்று மிகுந்த பளிங்குத்தரை. அதில் மாவு வழுக்கும், புள்ளி நிலைக்காது. ஒட்டுக்கோலமும் சாக்பீஸும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஒட்டுக்கோலம் வந்த வீட்டில் கால் மணி நேரம் மிச்சமாயிற்று என்பது உண்மையே. அந்த மிச்சம் வேறொரு கலைக்குச் சென்று சேர்ந்ததாகத் தெரியவில்லை. பொருத்திவைத்திருந்த ஆணியைப் பிடுங்கிய பிறகு நேரம் எங்கும் தொங்குவதில்லை. அது மற்ற வேலைகளுக்குள் சத்தமின்றி வடிந்துவிடுகிறது.

இதே தென்புறநகர்ப் பரப்பில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், நேரச் சிக்கலை முற்றிலும் வேறு வழியில் அணுகியவர்களும் உண்டு. சென்னை அரசுக் கலை, கைவினைப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சூழ்ந்த இளம் ஓவியர்களும், படம் வரைந்து மட்டும் வயிறு வளர்க்க முடியாது என்பதையும், முழுநேர வேலைக்குப் போனால் படம் வரைய நேரம் இராது என்பதையும் ஒருசேரக் கண்டு, மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பாத்திக் முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்கும் கூட்டமைப்பு ஒன்றை அமைத்தார்கள். அதில் ஈட்டிய பணத்தைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். நாளின் ஒரு பகுதியில் கைவினை, மறுபகுதியில் தம் விருப்பப்படி ஓவியமோ சிற்பமோ என்பது அவர்களின் ஏற்பாடு. அன்று அங்கே மணலும் சவுக்கும்தான். வீட்டை அவர்களே கட்டிக்கொண்டார்கள். வேலைக்குப் போகும் பெரும்பான்மையினரால் இதைப் பின்பற்ற இயலாது என்றாலும், ஒன்றை மட்டும் கவனிக்கலாம்: வயிற்றுப்பாட்டுக்கான உழைப்பையும் அவர்கள் துணி, சாயம், கோடு என்ற தம் கலையின் அக்கம்பக்கத்திலேயே வைத்துக்கொண்டதால், ஒன்றை விட்டு மற்றொன்றுக்குள் நுழையும்போது மனம் நெடுந்தூரம் பயணப்பட வேண்டியிருக்கவில்லை. ஒரு வேலையை முடித்து மற்றொன்றைத் தொடங்கிய பின்னும் முந்தைய வேலையிலேயே மனத்தின் ஒரு பகுதி தங்கிவிடுவதை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் கவன எச்சம் என்ற பொருள்படப் பெயரிட்டு விளக்கினார். அலுவலகத்திலிருந்து வந்த கையோடு தூரிகையை எடுப்பவருக்கு முதல் கோடு கோணலாக விழுவதற்கு இந்த எச்சமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

புறநகரின் தெருக்களில் மார்கழிக் கோலமும் இப்போது நேரம் மாறிவருகிறது. விடியற்காலை ஐந்து மணிக்கே பள்ளிப்பேருந்துக்கும் அலுவலகத்துக்குமான சமையல் தொடங்கிவிடும் வீடுகளில், 169 புள்ளிக் கோலத்துக்குக் குனிந்து நிற்க அந்த வேளையில் எவராலும் முடிவதில்லை. ஆகவே இரவு பத்து மணிக்குமேல் வண்டிப் போக்குவரத்து அடங்கியதும் தெருவைப் பெருக்கித் தெளித்து, கைப்பேசி வெளிச்சத்திலோ தெருவிளக்கின் அடியிலோ புள்ளி வைக்கிறார்கள். தாய் கோடிழுக்க மகன் வண்ணப்பொடி நிரப்புவதும், பகலில் கடையிலிருக்கும் கணவர் கோலநோட்டைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரிசைக்கு எத்தனை புள்ளி என்று சொல்வதும் அந்த நேரத்தில்தான் நடக்கிறது. விடியற்காலையில் பெண் ஒருத்தியின் தனி வேலையாக இருந்த ஒன்று, இரவுக்கு நகர்ந்தபோது வீட்டார் அனைவரும் கூடும் வேலையாகியிருக்கிறது. பதினொன்றரைக்குக் கோலம் முடியும். காலையில் அதன் நடுவே ஒரு பூசணிப்பூ வைத்தால் போதும், அதற்கு ஒரு நிமிடமே ஆகும். ஆறரை மணிக்கு முதல் வண்டி அதன்மேல் ஏறிப் போகும்.